கால் மணி நேரப் பேச்சாளர்

பள்ளிக்கூடச் சமையலறையில் ஓய்வு பெற்ற அன்றே ஆர்லிஸ் டீட்ஜென் இனிமேல் போர்வை தைக்கப்போவதாக அறிவித்துவிட்டாள். அயோவாவின் அந்தச் சிற்றூரில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. வேலையை விட்ட பெண்கள் அங்கே வேறு எதையும் அறிவிப்பதில்லை. துணியைத் துண்டு துண்டாக வெட்டி, நட்சத்திரமும் கட்டமுமாக இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை இல்லாத கட்டிலை அந்த ஊரில் பார்ப்பது கஷ்டம்.

மகன் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதால் காலியான அறை தையல் அறை ஆயிற்று. சுவர் முழுக்க அலமாரித் தட்டுகள் வந்தன. தட்டு முழுக்கத் துணி வந்தது. எங்காவது தள்ளுபடி என்று காதில் விழுந்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டுக் காரை எடுத்துவிடுவாள். வந்த துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நிறம் பார்த்து அடுக்கி வைப்பாள். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கிற ஒரு துணியை எங்கே வைப்பது என்பதிலேயே ஒரு பகல் போய்விடும். எல்லாம் நடந்தது, தையல் மட்டும் நடக்கவில்லை.

நேரம் இல்லை என்பாள். அவள் கணவன் டெல்மர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவன். நாள் முழுக்க வீட்டில்தானே இருக்கிறாய் என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தான். அன்றைக்கு ராத்திரி அவனுக்குக் கிடைத்த உருளைக்கிழங்கு வேகவே இல்லை. அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு பனிக்காலத்தில் கணினியில் யாரோ ஒரு பெண்மணி சொன்ன யோசனை அவளைப் பிடித்துக்கொண்டது. தினமும் கால் மணி நேரம் தைத்தால் போதும், வருஷ முடிவில் போர்வை தானாக முடிந்திருக்கும் என்றாள் அந்தப் பெண்மணி. ஆர்லிஸ் அலாரம் வைத்து உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தேடி, நூல் கோத்து, மிஷினுக்கு எண்ணெய் விட்டு முடிப்பதற்குள் அலாரம் அடித்துவிடும். அடித்ததும் எழுந்துவிடுவாள். நேர ஒழுங்கில் அவளைக் குறை சொல்ல முடியாது.

அப்படியிருக்கும்போதுதான் லூத்தரன் சர்ச் நிலவறையில் நடந்த போர்வைச் சங்கக் கூட்டத்துக்கு வரவேண்டிய பேச்சாளர் பனியில் மாட்டிக்கொண்டார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் எழுந்து கால் மணி நேரத்தைப் பற்றிப் பேசினாள். நமக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்க நமக்கே மனம் வருவதில்லை என்று அவள் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த மாதமே பக்கத்து ஊர்ச் சங்கம் கூப்பிட்டது. பிறகு அதற்குப் பக்கத்து ஊர். பேச்சைத் தயார் செய்யவும், தலைமுடியைச் சுருட்டிக்கொள்ளவும், சோள வயல்களுக்கு நடுவே கார் ஓட்டவுமே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்து எழுந்திருந்த கால் மணி நேரமும் போயிற்று.

டெல்மரின் அக்கா வெர்டெல் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்வார். வசந்தத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், பேச்சு முடிந்து கைதட்டலும் அடங்கிய பிறகு, அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"எல்லாம் சரி ஆர்லிஸ். நீ கடைசியா முடிச்ச போர்வை எது?"

கூடம் திரும்பிப் பார்த்தது. ஆர்லிஸுக்குக் காது சூடானது.

"கண்காட்சிக்கு ஒண்ணு ஆகிட்டு இருக்கு, வெர்டெல். நீயே வந்து பாரேன்."

மறுபடி கைதட்டினார்கள். வெர்டெல்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

ஆகிக்கொண்டிருந்த அந்தப் போர்வை உண்மையில் ஒரு பைக்குள் கிடந்தது. மகன் கல்யாணத்துக்கென்று வெட்டி வைத்த நட்சத்திரத் துண்டுகள். அவனுக்கு விவாகரத்தே ஆகிவிட்டது, அந்தப் பெண்ணுக்கு மறுகல்யாணமும் ஆகிவிட்டது, துண்டுகள் மட்டும் பையைவிட்டு வெளியே வரவில்லை. கோடை பிறந்த பிறகும் ஆர்லிஸ் மற்றவர்களுக்கு நேரம் ஒதுக்கக் கற்றுக்கொடுத்தாள். ஜூலையில் கவுன்ட்டி என்கிற மாவட்டத்தின் கண்காட்சிக்குப் பொருளைக் கொடுக்க வேண்டிய வாரம் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு பையைக் கவிழ்த்தாள்.

அலாரத்தைத் தொடவே இல்லை. காலையில் உட்கார்ந்தவள் கழுத்து வலித்த பிறகுதான் மணியைப் பார்த்தாள், சாயங்காலம் ஆகியிருந்தது. தொட்டியில் பாத்திரம் குவிந்தது. டெல்மர் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைத் தானே செய்து தின்றான், மறுநாளும் அதையே தின்றான். மிஷின் ஒரே சீராக ஓடும் சத்தத்தில் ஆர்லிஸுக்கு மனம் லேசாகிக்கொண்டே வந்தது. ஒரு நட்சத்திரம் முனையோடு முனை பொருந்தி உட்கார்ந்தபோது தனியாகச் சிரித்தாள். இத்தனை மாதம் மேடையில் விவரித்த சந்தோஷம் இதுதான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வெர்டெல் வேவு பார்க்க வந்தாள். சாக்குச் சொல்வதற்கு, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை உள்ளே வைத்த இனிப்பு அப்பம் ஒன்றைச் சுட்டு எடுத்து வந்திருந்தாள். தலையில் நூலும், சட்டையில் முந்தின நாள் காப்பிக்கறையுமாக ஆர்லிஸ் கதவைத் திறந்தாள்.

"ஓ, இதுதானா உன் கால் மணி நேரம்?"

"ஊரெல்லாம் சொல்லிட்டு வா, போ. எனக்கு இன்னும் ஓரப்பட்டி தைக்கணும்."

வெர்டெல் போகவில்லை. போர்வையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள், பின்னால் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊசி எங்கே என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஓரப்பட்டி தைத்தார்கள். நாத்தனாரும் தம்பி மனைவியும் டெல்மரைப் பற்றி ஒரே கருத்தில் இருக்கிறார்கள் என்பது இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் தெரியவந்தது.

கண்காட்சியில் நடுவர் ஒவ்வொரு போர்வையையும் எல்லோர் முன்னாலும் விரித்துக் குறை நிறை சொல்வார். ஆர்லிஸின் போர்வை வந்தபோது அந்த அம்மாள் தையல் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அவசரமே தெரியாத கை. தினம் கொஞ்சம் கொஞ்சமா உக்காந்து செஞ்சாதான் இப்படி வரும்."

நீல ரிப்பன் கிடைத்தது. முதல் பரிசு. வெர்டெலுக்கு இருமல் வந்து வெளியே போய்விட்டாள். ஆர்லிஸுக்கு முதலில் முகம் கூசியது. எலுமிச்சை ஜூஸ் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் நடுவர் சொன்னதில் பாதியை நம்பிவிட்டாள். ஜூஸைக் குடித்து முடித்தபோது மிச்சத்தையும் நம்பினாள்.

அந்த ரிப்பனைப் பார்த்துத்தான் சூ என்ற நகரத்துப் பெரிய சங்கம் அக்டோபரில் பேச அழைத்தது. சீட்டெல்லாம் விற்றுப்போயிற்று. கூட்டத்துக்கு முந்தின வாரம் வெர்டெல் தொலைபேசியில் கூப்பிட்டாள். தன்னிடம் சாம்பல் நிறத்தில் நல்ல துணி இருக்கிறதாம், அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில் மிஷினைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்றாள். வியாழக்கிழமைதான் கூட்டம். வா என்றாள் ஆர்லிஸ். சொன்ன வேகத்தைப் பார்த்து அவளுக்கே திகைப்பாக இருந்தது.

சூ நகரத்துச் செயலாளரை அழைத்து, வர முடியவில்லை, நேரம் இல்லை என்று சொன்னாள். செயலாளர் பதறிப்போனார்.

"நேரம் ஒதுக்கறது எப்படின்னுதானேங்க தலைப்பு! நீங்க வரலைன்னா அதை வேற யாருங்க பேசுவாங்க?"

"தைக்காதவங்க யாரையாவது கூப்பிடுங்க. அவங்கதான் நல்லாப் பேசுவாங்க."

வியாழக்கிழமை டெல்மர் கடைத்தெருவுக்குப் போய்ச் சாப்பிட்டான்.