பேசாமல் அழுத்திய பொத்தான்

இன்று தொண்டாமுத்தூரில் நின்று, என் கை ரேடியோவுக்கு எந்த ரிப்பீட்டர் எட்டுகிறது என்று தேடினேன். ரிப்பீட்டர் என்பது மலைமேல் இருந்து நம் குரலை வாங்கித் தூரத்து ஊர்களுக்கு அனுப்பும் கருவி.

யாரென்று சொல்லித்தான் சோதிக்க வேண்டும். கூச்சத்தில் பேசாமல், பேசுவதற்கான பொத்தானை மட்டும் அழுத்தி அழுத்தி விட்டேன்.

ரேடியோவில் உடுமலையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: “யாருங்க அது? பேச முடியாத ஆபத்துன்னா இன்னொருக்கா அமுக்குங்க.”

பதற்றத்தில் விரல் அழுத்திவிட்டது.

உடனே கொடுமுடியிலிருந்து ஒருவர், “எந்த ஊருன்னு தெரிஞ்சா காரை எடுத்துட்டு வாரேனுங்க” என்றார்.

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். “சும்மா டெஸ்ட்டுங்க.”

பிறகு அந்த அம்மா, “நல்லா இருக்கீங்கல்ல, அது போதுமுங்க. சிக்னல் தெளிவா இருக்குதுங்க” என்றார்.

அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

கொடுமுடி வரை எட்டும் ரிப்பீட்டர் யாருக்காவது வேண்டுமானால் கேளுங்கள், சொல்கிறேன். அங்கே என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.