எத்தனை பேர்

ஆள் கணக்கு எடுக்கச் சொன்ன அன்று பிரட்டுக்களத்தில் இருந்தவர்கள்: ஆபீஸ் எழுத்தரான கிராணி, கங்காணி, முப்பது வீட்டு ஆண் பெண்கள், இடுப்பில் தூங்கிய குழந்தைகள், புதிதாக வந்த ஜப்பான் அதிகாரி, அவனுடைய வாள், நான். இல்லாதவர்கள்: துரை, துரைசானி, துரையின் இரண்டு நாய்கள், அரிசி.

காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தைத்தான் பிரட்டுக்களம் என்போம். அங்கே நின்றுதான் துரை, என்ன ஆனாலும் தோட்டத்தை விட்டுப் போகமாட்டேன் என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். சொன்ன வாரமே காரில் சிங்கப்பூருக்குப் போனார். நாய்களைக் கூடவே ஏற்றிக்கொண்டார். ஸ்டோர் சாவியைக் கிராணியிடம் ஒப்படைத்தார். எங்களை யாரிடம் ஒப்படைத்தார் என்று சொல்ல மறந்துவிட்டார், அவசரம்.

இதில் நான் யார் பேரையும் எழுதப் போவதில்லை. பேர் எழுதியதன் பலனை ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.

ஜப்பான்காரன் வந்ததும் எங்களுக்கு முதலில் செய்த நன்மை, கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியது. தோக்கியோவில் விடிந்தால் எங்கள் மலைத் தோட்டத்திலும் விடிந்ததாகக் கணக்கு. பனியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டில் வரிசையாக நின்று, சூரியன் இருக்கும் என்று அவர்கள் காட்டிய திசையைப் பார்த்துக் குனிந்தோம். பிறகு கொழுந்து பறிக்கப் போனோம். கப்பல் இல்லை, தேயிலை வாங்க ஆள் இல்லை, ஆனாலும் கொஞ்ச காலம் பறித்தோம். பறிக்காமல் விட்டால் செடி மரமாகிவிடும் என்ற கவலை துரைக்கு உண்டு, ஜப்பான்காரனுக்கு இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். செடி மரமானது. சரிவுகளில் மரவள்ளி நட்டோம். சாக்கைக் கிழித்துத் துணியாகக் கட்டினோம். உலகத்துக்கே தேயிலை அனுப்பிய தோட்டத்தில் சீனி இல்லாத தேத்தண்ணியும் உப்பு இல்லாத மரவள்ளியும் தாராளமாகக் கிடைத்தன.

அன்று அதிகாரி பெட்டி மேல் ஏறி நின்று மலாயில், “பெராப்பா ஓராங்?” என்று கேட்டான். மலாயில் அது தெளிவான கேள்வி. ஓராங் என்றால் மனிதர், தலைக்கு ஒன்று. கிராணி அதைத் தமிழில் திருப்பினார்.

“எத்தனை பேருன்னு துவான் கேக்குறாரு. தலைக்கு இத்தனை டின்னு அரிசின்னு குடுக்கப் போறாங்களாம்.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீதானே ஏழாவது வரைக்கும் படிச்சவன். லயம் லயமா போயி எத்தனை பேருன்னு எழுதிட்டு வா. ஒரு பேரு விடக்கூடாது.”

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். கீழே தாப்பா டவுனில் தங்கி ஏழாம் வகுப்பு முடித்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் படிப்பு என்று அங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் நல்ல மாணவன்.

லயம் என்கிற வரிசை வீடுகளில் முதல் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்: “உங்க வீட்ல எத்தனை பேரு அக்கா?”

“என் வீட்டுக்காரருக்கு ரெண்டு பேரு, எழுதிக்க. சம்பளம் போடற செக்ரோல்ல துரை போட்டது ஒண்ணு, அவங்க அம்மா வச்சது ஒண்ணு. எனக்கு மூணு. சாமியார் தண்ணி தெளிச்சு வச்சது, மாமியா வச்சது, இந்த லயத்துல நீங்கள்லாம் முதுகுக்குப் பின்னால கூப்புடறது.”

“மூணாவதையும் எழுதட்டுமா?”

“எழுதித்தான் பாரேன்.”

அவளுக்கு இரண்டை மட்டும் எழுதினேன். கிராணி ஒரு பேர் விடக்கூடாது என்றாரே. லயத்தில் பாதிக் குடும்பம் கோயிலுக்கு, பாதிக் குடும்பம் மாதா கோயிலுக்கு. மாதா கோயில் வீடுகளில் ஞானஸ்நானப் பேர் ஒன்று, வீட்டுப் பேர் ஒன்று கட்டாயம் இருக்கும். மற்ற வீடுகளில் செக்ரோல் பேர் ஒன்று, கூப்பிடும் பேர் ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றின் கீழ் ஒன்றாக, வரிசை எண் போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதினேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கடைசி எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் ரிங்லெட்டிலிருந்து லோரியில் அரிசி வந்தது. கங்காணி மூட்டையை எண்ணினார், மறுபடி எண்ணினார், பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் தம்பி, நம்ம லயத்துல மொத்தம் எத்தனை தலை?”

“நூத்தி எண்பது இருக்கும் கங்காணி.”

“வந்திருக்கறது எரநூத்தி எழுபது பேருக்கு. தொண்ணூறு புள்ளைங்கள ஒரே வாரத்துல எவடா பெத்தது? எனக்குச் சொல்லவேயில்ல.”

பட்டியலை எடுத்து வந்து பார்த்த பிறகுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது. நாட்டில் எங்கே பார்த்தாலும் சாவு. எங்கள் தோட்டத்தில் மட்டும், மருத்துவச்சியைக் கூப்பிடாமல், வெந்நீர் போடாமல், ஜனத்தொகை ஒரே வாரத்தில் பாதிக்குப் பாதி பெருகியிருந்தது.

“திருத்தி எழுதித் தந்துடறேன் ஐயா,” என்று கிராணியிடம் சொன்னேன்.

கிராணி மூட்டைகளைப் பார்த்தார். “எதுக்குத் திருத்தணும்? படிச்ச பையன் எழுதினா சரியாத்தான் இருக்கும் லா.”

என் படிப்பை ஊர் மெச்சியது அந்த ஒரு தடவைதான். பெண்கள் வழியில் நிறுத்தி, “தம்பி கை ராசியான கை,” என்றார்கள். எங்கள் லயத்தில் இரண்டு மாதம் எல்லா அடுப்பிலும் சோறு பொங்கியது. நான் நடந்து போனால் கிழவர்கள்கூட எழுந்து நின்றார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அதிகாரி புதுப் பட்டியல் கேட்டான். இந்தத் தடவை ஆணா பெண்ணா, வயது என்ன, எல்லாம் வேண்டும். வேலை செய்யும் ஆணுக்கு இரண்டு டின் அரிசி, பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஒன்று. முதல் பட்டியலைத் தவறிப்போய் எழுதியவன் நான். இரண்டாவதில் தவறே இல்லை. கிராணி கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“நம்மகிட்ட நெசமா அறுபது ஆம்பளைங்க. வீட்டுக்கு ஒருத்தனைக் கூட்டு, அதுக்கு மேல வேணாம். பேராசை கூடாது. மிச்ச பேரையெல்லாம் பொம்பளை, புள்ளைன்னு பிரிச்சுப் போட்டுடு.”

“நான் எந்த வரிசையில வரேன் ஐயா?”

“நீ எழுதறவன். நீயும் நானும் கங்காணியும் ஆபீஸ் கணக்கு. இதுல வரமாட்டோம்.”

முப்பது வீடு, முப்பது புது ஆண்கள். எல்லாரும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில், நோய் நொடி இல்லாதவர்கள், காய்ச்சல் வராதவர்கள், கங்காணியை எதிர்த்துப் பேசாதவர்கள். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு நல்ல ஆட்கள் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை.

நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா, மாமா, இரண்டு பெண் குழந்தைகள். அக்காவுக்கு அது நான்காம் மாதம். நான் தாளை விரித்ததும் அடுப்படியிலிருந்தே சொன்னாள்:

“வயித்துல இருக்கறதை எழுதுடா.”

“அது இன்னும் பொறக்கலையேக்கா.”

“பொறக்காததுக்கும் சேத்துத்தானடா நான் திங்கணும்? பொய்யா சொல்றேன்? மத்த வீட்ல எல்லாம் இல்லாதவனை எழுதுற. இங்க உள்ளதைத்தானே எழுதச் சொல்றேன்.”

அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. அதனால் அவளுக்குப் பதில் சொல்வது சிரமம்.

“ஆம்பளைன்னு எழுதணும். பொறக்கறது பொண்ணா இருந்தா?”

“ரெண்டு பொண்ணு இருக்கு, போதும். ஆம்பளைன்னே போடு.”

“வயசு?”

மாமா சிரித்தார். “என் வயசையே போடு மச்சான். இருபத்தெட்டு. அப்பனும் மவனும் ஒரே வயசு, தோள்ல கை போட்டுக்கிட்டுக் கள்ளுக்கடைக்குப் போலாம்.”

பேர் கேட்டேன். மாமா இறந்துபோன தன் அப்பாவின் பேரைச் சொன்னார். சொல்லிவிட்டு நான் அதை எழுதி முடிக்கும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. “இதுதானா?” என்று விரலை வைத்துக் கேட்டார். மாமா பேருக்கு அடுத்த வரியில் அது இருந்தது. அழகாகத்தான் எழுதியிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அதிகாரி வந்தான். பின்னால் இரண்டு லோரி வந்தன. அரிசி என்று நினைத்துப் பெண்கள் சாக்கோடு ஓடி வந்தார்கள். இரண்டும் காலியாக இருந்தன.

கிராணி பெட்டி மேல் ஏறினார். “சயாம்ல ரயில் ரோடு போடறாங்க. மூணு மாசம்தான். சோறு, துணி, மருந்து எல்லாம் குடுப்பாங்க. நம்ம தோட்டத்துல ஆம்பளைங்க ஜாஸ்தின்னு துவானுக்கு ரொம்ப சந்தோஷம். மூணுல ஒருத்தர் போகணுமாம்.”

அதிகாரி யாரையும் கஷ்டப்படுத்த விரும்பவில்லை. நோஞ்சான், பலசாலி என்று பார்க்கவில்லை. என் பட்டியலை எடுத்து, என்னையே படிக்கச் சொன்னான். ஆண்கள் வரிசையை நான் ஒவ்வொரு பேராகப் படிக்க, அவன் பென்சிலால் எண்ணினான். இச்சி, நி, சான். இச்சி, நி, சான். ஒன்று, இரண்டு, மூன்று. சான் என்று வரும் பேர்மேல் ஒரு கோடு. சாண் வயிறு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோமே, ஏறக்குறைய அந்தச் சத்தம்தான். கோடு விழுந்தவன் வெளியே வர வேண்டும்.

நான் ஒழுங்கானவன் அல்லவா. ஒவ்வொரு வீட்டிலும் உள்ளவர்களை முதலில் எழுதி, இல்லாதவனைக் கடைசியில் எழுதியிருந்தேன். பல வீடுகளில் உள்ளவர்கள் இரண்டு பேர். இல்லாதவன் மூன்றாவது. பென்சில் பாதிக்கு மேல் இல்லாதவர்கள்மேலேயே விழுந்தது.

முதல் இல்லாதவனின் பேரைப் படித்தபோது யாரும் வெளியே வரவில்லை. அதிகாரி வாளின் பிடியில் கை வைத்தான். அந்த வீட்டு மூத்த பையன் மெல்ல முன்னால் வந்து நின்றான். அதைப் பார்த்து மற்ற வீடுகளும் புரிந்துகொண்டன. பட்டியல் பொய் என்று சொன்னால் தலை போகும். பொய் இல்லை என்றால் ஆள் வேண்டும்.

எங்கள் வீடு வந்தது. மாமா பேரைப் படித்தேன். நி. அடுத்த வரிக்குக் கண் போனது. வாய் போகவில்லை. அதிகாரி பென்சிலால் தாளைத் தட்டினான். படித்தேன்.

சான்.

அந்தப் பேருக்கு உரியவனும் பிரட்டுக்கு வந்துதான் இருந்தான். அக்கா வயிற்றில் ஏழு மாதமாக நின்றுகொண்டிருந்தான். முன்னால் வர அவனுக்கு இன்னும் இரண்டு மாதம் தேவைப்பட்டது.

“துவான்,” என்று ஆரம்பித்தேன். கிராணி என் கையைப் பிடித்தார். உதடு அசையாமல் பேசினார்.

“வாயத் தொறக்காத. கீழ டவுன்ல இவனுங்க வெட்டித் தொங்கவிட்ட தலையைப் பாத்தியா இல்லையா?”

“நான் போறேன் ஐயா.”

“நீ எப்படிடா போவ? லிஸ்ட்லயே இல்ல.”

அதற்குள் மாமா முன்னால் போய்விட்டார். அதிகாரிக்குக் குனிந்தார். தன் அப்பாவின் பேரைச் சொல்லி, “சாயா துவான்,” நான்தான் என்றார். அதிகாரி பட்டியலில் வயதைப் பார்த்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். இருபத்தெட்டு. பொருந்தியது. மாமா சொன்ன வயதைத்தானே போட்டிருந்தேன்.

அக்கா அழவில்லை. என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

லோரியில் ஏறும்போது மாமா என்னைக் கூப்பிட்டார். “மச்சான், அரிசி வந்தா என் பேரை விட்டுடாத. அது லிஸ்ட்ல அப்படியேதான் இருக்கு. நான் என் மவனுக்குப் பதிலாத்தானே போறேன்.” பிறகு சொன்னார்: “அக்காவைப் பாத்துக்க. அவ திட்டுவா, வாங்கிக்க.”

அதற்குப் பிறகு அரிசி இரண்டு தடவைதான் வந்தது. மாமா பேருக்கு உள்ள இரண்டு டின்னை இரண்டு தடவையும் வாங்கினேன். பிறகு அரிசிக்குப் பதில் மரவள்ளி மாவு வந்தது. பிறகு அதுவும் இல்லை. லயத்தில் யாரும் என்னைப் பார்த்து எழுந்து நிற்கவில்லை. ராசியான கை என்று சொன்னவள், நான் தண்ணீர்க் குழாய்க்கு வந்தால் குடத்தை நகர்த்திக்கொண்டாள்.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. ஆணாகவே இருந்திருந்தாலும் அந்தப் பேரை வைத்திருக்க முடியாது. அது சயாமில் கல் உடைத்துக்கொண்டிருந்தது. என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டேன்.

“நீ ஒண்ணும் எழுத வேணாம்,” என்றாள்.

சண்டை முடிந்து வேறொரு துரை வந்தார். அவருக்கும் இரண்டு நாய்கள். வந்த வாரமே ஆபீசுக்குக் கூப்பிட்டு, தோட்டத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று எழுதித் தரச் சொன்னார். லயம் லயமாகப் போனேன். யாரும் ஒரு பேருக்கு மேல் சொல்லவில்லை. சில வீடுகளில் அதையும் சொல்லவில்லை. கதவைத் திறந்து, உள்ளே இருப்பவர்களை எண்ணிக்கொள் என்று கையைக் காட்டினார்கள்.

சயாமுக்குப் போன முப்பது பேரில் பதினொரு பேர் திரும்பி வந்தார்கள். மாமா வரவில்லை. அவரோடு போனவர்களில் ஒருவர், முகாமில் அவரைக் கடைசிவரை அவர் அப்பாவின் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்றார். காலராவில் போனவர்கள் பட்டியலிலும் அந்தப் பேரைத்தான் எழுதியிருப்பார்கள்.

புது துரைக்கு எழுதிய தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லை. உள்ளபடி அறுபது ஆண்கள் என்று நான் எழுதியிருந்தால், மூன்றில் ஒருவர் என்று இருபது பேர் போயிருப்பார்கள். தொண்ணூறு என்று எழுதினேன், முப்பது பேர் போனார்கள். மூன்று மாதச் சோற்றுக்காகக் கூட்டிய ஆண்கள் முப்பது பேர். அதற்குக் கொடுத்தது பத்துப் பேர்.