அப்பாவுக்கு ஒரு சாவான்

தினமும் காலையில் வீட்டுக்கார அம்மாள் ஹருகோ என் எதிரே மண்டியிட்டு, இரண்டு கையாலும் ஒரு கிண்ணத்தை நீட்டி, "சாவான்" என்கிறாள். முதல் வாரம் யாரைச் சொல்கிறாளோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பீங்கான் தொழில் பழக நான் வந்திருக்கும் இந்த ஜப்பானிய ஊரின் பெயர் செதோ. சிலர் வாயில் அது "செத்தோ" என்றே விழுகிறது. கடலூர்க்காரனுக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்! சாவான் என்றால் தேநீர்க் கிண்ணமாம்.

அவள் கணவர் கொல்லையில் சூளை வைத்துக் கையாலேயே இவற்றைச் செய்கிறார். ஒன்றாவது வட்டமாக இருக்க வேண்டுமே! ஒரு பக்கம் சப்பை, மறுபக்கம் கட்டைவிரல் பதிந்த பள்ளம், அடியில் பூச்சே இல்லாத வெறும் மண். நம்மூர் ஆலையில் இப்படி வந்தால் குப்பைக்குத்தான் போகும். தெரிந்த நாலு ஜப்பானியச் சொல்லைக் கூட்டி, "இது கோணல்" என்றேன். கோணல்தான் அங்கே அழகாம்; அவர் முகம் மலர்ந்து, மூன்று முறை குனிந்து வணங்கினார். ஆனால் அந்தப் பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்ததும் கிண்ணம் கைக்குள் வாகாக உட்கார்ந்துகொண்டது. உள்ளே டீ கொதித்தது, கை சுடவில்லை. கடலூரில் அப்பா டம்ளரைத் துண்டால் சுற்றிப் பிடித்துத்தான் டீ குடிப்பார். அவருக்கென்று ஒன்று வாங்கிக் கப்பல் பார்சலில் அனுப்பினேன். உள்ளே ஒரு சீட்டும் வைத்தேன்: "அம்மா – பட்டுத் துணி. அக்கா – விசிறி. அப்பா – சாவான்."

பார்சல் போய்ச் சேர இரண்டரை மாதம் ஆனது. அதற்குள் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை முற்றி, சிதம்பரத்தில் அக்கா வீட்டில் படுத்த படுக்கையாகிவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. கடலூர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்த அம்மா, பார்சலைப் பிரித்துச் சீட்டைப் படித்திருக்கிறாள். அவ்வளவுதான், கிண்ணத்தோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மீதியை அக்கா ஏர்மெயிலில் எழுதினாள். "அங்க யாரோ ஜோசியம் பாத்து சொல்லியிருக்காங்கடி. இல்லாட்டி பெத்த புள்ள இப்பிடி எழுதுவானா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாளாம். அப்பா சீட்டை வாங்கிப் படித்தார். எட்டு நாளாகப் பேச்சே இல்லாதவர், "பெத்த அப்பனுக்கு மரியாதையா சாவாருன்னு எழுதக் கூடாதா அவன்?" என்று சிரித்துவிட்டு, "கஞ்சிய அதுலயே ஊத்து" என்றாராம். அம்மா மசியவில்லை. மூன்று நாள் கிண்ணம் கிணற்றடியிலேயே கிடந்தது. நாலாம் நாள் தானே கழுவி எடுத்துவந்து கஞ்சி ஊற்றினாள். "இதுக்குப் பேரு பொழைப்பான். வேற பேரு எவனாவது சொன்னீங்க, நடக்குறதே வேற!" இப்போது அப்பா எழுந்து வாசல்வரை நடக்கிறார், நீ பயப்படாதே என்று கடிதம் முடிந்திருந்தது.

நான் விக்கி விக்கி அழுதேன். சிரிப்பும் வந்தது. என் கிறுக்கலால் அந்த மனுஷன் போயிருந்தால்? பதறிப்போன ஹருகோ தேநீர் கலக்கி வந்து, எதில் ஊற்றட்டும் என்று கையால் கேட்டாள். என்னையறியாமல் தமிழில் சொன்னேன்: "அந்தப் பொழைப்பான்லயே ஊத்தும்மா."

அவள் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். "பொரைப்பான்?" உங்கள் ஊரில் இதற்கு அதுதான் பெயரா என்பதுபோல் பார்த்தாள். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? தலையாட்டினேன். உடனே கொல்லைப்பக்கம் திரும்பிக் கணவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். சூளையடியிலிருந்து அவரும் உரக்கச் சொல்லிப் பார்த்தார்.

தமிழ்நாட்டில் ஒரே ஒரு குடும்பம் வழங்கும் அந்தச் சொல்லை, இப்போது ஜப்பானிலும் ஒரு குடும்பம் வழங்குகிறது.