அத்தான் அணைக்காத கம்ப்யூட்டர்

என் அத்தானுக்கு லேத் பட்டறையில் வேலை. வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரே கதி. அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருப்பதை மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லுவார். "மாசக்கணக்கா அணைக்கவே இல்ல மச்சான், ஒரு தடவை நின்னிருக்குமா?" என்று பீற்றிக்கொள்வார்.

அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே அத்தான் வேலையில் இறங்கினார். முன்கூட்டியே குரலைப் பதிவு செய்து வைத்தால், பிறகு அவள் டைப் செய்வதை அதே குரலில் பேசும் ஒரு புரோகிராம் கிடைத்தது. பதினோரு நாள் அக்கா மைக் முன்னால் உட்கார்ந்து படித்தாள். வாக்கியத்துக்கு வாக்கியம் வலி. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததைப் படிப்பாள்.

"உங்களைத் திட்டுறதுக்காவது எனக்குக் குரல் வேணும்ங்க. எல்லாம் பத்திரமா இருக்கா?"

"உன் பீரோவை விடப் பத்திரம்."

பழைய டிஸ்க் ஆமை வேகம் என்று, கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ராமிலேயே ஒரு ஃபோல்டர் உண்டாக்கி எல்லாப் பதிவையும் அதில்தான் போட்டிருந்தார். கம்ப்யூட்டரை அணைத்தால் அதில் இருப்பது அழிந்துவிடும். அது அவருக்குத் தெரியாததல்ல. அப்புறம் டிஸ்க்கில் காப்பி எடுக்கலாம் என்று விட்டார், கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது, அணைத்தால்தானே என்ற தெம்பில். அதற்குள் ஆபரேஷன், மூன்று வாரம் ஆஸ்பத்திரி வாசம்.

அக்கா கழுத்தில் மூச்சுவிடப் போட்ட துளையோடு வீடு திரும்பினாள். அன்றைக்கே அத்தான் புரோகிராமை ஓடவிட்டார். ராம் போதாமல் பாதியில் நின்றது. கையோடு போய் எட்டு ஜிபி ராம் வாங்கி வந்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். நான் டார்ச் அடிக்க, மூடியைக் கழற்றி, ராமை இடம் பார்த்து வைத்து 'டக்'கென்று அழுத்தினார். மறுபடி போட்டதும், பழைய நாலும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு ஜிபி என்று திரையில் வந்தது.

"பாத்தியா!" என்றார்.

ஃபோல்டரைத் திறந்தார். காலி.

எனக்கு அவரை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் 'காப்பி எடுத்து வை' என்று உபதேசம் செய்கிற மேதாவி! ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு கை எழவில்லை.

அக்கா நோட்டில் எழுதி நீட்டினாள்: 'பத்திரமா இருக்கா?'

அத்தான் திரையை அவள் பக்கம் திருப்பினார். "போயிடுச்சும்மா. நான்தான் அழிச்சிட்டேன்."

அக்கா நோட்டைக் கீழே வைத்தாள். பழக்கதோஷத்தில் அவரைத் திட்ட வாயைத் திறந்தாள். உதடுகள் வேகவேகமாக அசைந்தன. கழுத்துத் துளை வழியாகக் காற்று மட்டும் வந்தது.