போத்தனூரில் நான் போட்ட லைட்

அந்தச் சுவிட்சைப் போட்டது நான்தான். கோயம்புத்தூர்க் கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் சமூகவியல் நடத்தியவள், யூதர்களின் வழிபாட்டையும் வீட்டு வழக்கத்தையும் ஆராய்ந்தே பேராசிரியர் ஆனவள். புதிதாகக் கள ஆய்வுக்கென்று ஃபீல்டுக்குப் போகிறவர்கள் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் அது. என் ஆராய்ச்சிக்காக நான் அடிக்கடி போய்ப் பேசிவந்த சாராம்மா, கொச்சியிலிருந்து கல்யாணமாகிப் போத்தனூர் வந்த யூதப் பெண்மணி. ரயில்வேயில் இருந்த கணவர் காலமாகிவிட்டார். மகள் இஸ்ரேலில். அடுத்த வாரம் அம்மாவையும் அங்கே அழைத்துப் போகிறாள். வெள்ளி மாலையிலிருந்து சனிக்கிழமை இருட்டி மூன்று நட்சத்திரம் தெரியும்வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். சாராம்மா தீ மூட்ட மாட்டார், எழுத மாட்டார், சுவிட்சைத் தொட மாட்டார். அவ்வளவையும் தனி ஆளாகக் கடைப்பிடித்துவந்தார்.

"இதான் இங்க கடைசிச் சனிக்கிழமைங்க கண்ணு. கொறையில்லாம முடிச்சுப்போட்டுப் போயிரோணும்" என்றார்.

"நானும் கூட இருக்கட்டுங்களாம்மா?"

"வாங்க. நோட்டு மட்டும் கொண்டாராதீங்க."

சனிக்கிழமை மதியமே போய்விட்டேன். பார்த்ததையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் எழுதுவதாகத் திட்டம். முந்தின நாள் அவர் ஏற்றிய எண்ணெய் விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. பேச்சு வாக்கில் பொழுது இறங்கிவிட்டது. ஹாலில் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை.

"ஐயோ, வெளக்கு வெக்கிற நேரமாச்சே!" என்று எழுந்து டக்கென்று லைட்டைப் போட்டேன்.

போட்ட பிறகுதான் உறைத்தது. பாழாய்ப்போன கை! பதறிப்போய் அணைக்கப் போனேன்.

"தொடாதீங்க கண்ணு. போட்டது போட்டதுதான்." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எனக்காவ போட்ட வெளிச்சத்துல நான் உக்காரக் கூடாதுங்க. வாசலுக்குப் போயிரலாம்."

வாசல் படியில் உட்கார்ந்தோம். பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து, வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஊரை விட்டுப் போகிறவரின் கடைசி ஓய்வுநாளைக் கெடுத்துவிட்டேனே!

"மன்னிச்சுக்குங்கம்மா. படிச்சதெல்லாம் மண்ணாப் போச்சு."

"உங்க கைக்கு அதை ஆருங்க பழக்குனது?" என்று கேட்டார்.

எங்கள் அம்மாதான். சோமனூரில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்துவாள்: "அம்மணி, வெளக்கு வெய்யி! ஊடு இருட்டாக் கெடக்குது." அதைச் சொன்னேன். அவள் இறந்த அன்று நான் ஃபீல்டு ஒர்க்குக்காகக் கொச்சியில் இருந்ததையும் சொன்னேன்.

"அன்னிக்கு ஆரு வெளக்கு வெச்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை கேள்வி கேட்டிருப்பேன்! இதைச் சொந்த அண்ணனிடம் கேட்கத் தோன்றவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். சாராம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேகம் மெதுவாகத்தான் விலகியது. மூன்றாவது நட்சத்திரத்தை அவர்தான் முதலில் பார்த்தார். உள்ளே போய், பின்னல் போட்ட மெழுகுவர்த்தியை ஏற்றி, ஓய்வுநாளை வழியனுப்பும் ஜெபத்தைச் சொன்னார். கிராம்பும் ஏலக்காயும் போட்ட டப்பியை எனக்கும் முகரக் கொடுத்தார்.

"கெடுத்துப்போட்டேனுங்களா?" என்றேன்.

"அட, மேகத்துல ஓய்வுநாளு அரை மணி நேரம் கூடவே கெடச்சுதுங்க. போறப்ப அது லாபந்தானே?"

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "நாந்தான் வெச்சேன் அம்மணி. திரி போடத் தெரியாம ரெண்டு வாட்டி அணைஞ்சுபோச்சு" என்றார்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நான் ஆராய்ச்சிப் பேப்பர் எதுவும் எழுதவில்லை. ஃபீல்டுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: நீங்கள் கேட்கப் போகிற வீட்டில் உங்களையும் கேட்பார்கள். பதில் சொல்லுங்கள்.

போன மாதம் சாராம்மா இஸ்ரேலிலிருந்து வீடியோ காலில் வந்தார். சௌக்கியமா என்று கேட்டேன்.

"சௌக்கியந்தானுங்க கண்ணு. சனிக்கிழமைன்னா இங்க தெருவே அடங்கிருது. எல்லாருக்கும் மொறையெல்லாந் தெரியுது. பொழுது எறங்குனா உங்க நெனப்புத்தான். தப்பா லைட்டுப் போட இங்க ஒருத்தரும் இல்லீங்க."