மணியம்மாவின் சாட்சி

மணியம்மாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஆனாலும் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் வம்பளக்க அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கொழுந்து பறிக்கும்போது யாராவது பேசினால் கங்காணி கத்துவார். அதனால் அவளோடு ஒரே நிரையில், அதாவது ஒரே செடி வரிசையில், பறித்த பெண்கள் எல்லோரும் அவளுடைய கைச்சாடையைக் கற்றுக்கொண்டார்கள். கங்காணியைப் பற்றிய கதை அவர் கண்ணெதிரிலேயே மலை முழுக்கப் போய்வரும். அவருக்கு மட்டும் தெரியாது.

வீட்டில் கதை வேறு. அண்ணன் மாடசாமி எஸ்டேட்டின் கொழுந்து லோரி ஓட்டுபவன். அவளிடம் யார் எது கேட்டாலும் இவன்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வான். "அதுக்கு என்னா தெரியும் லா?" என்பான். பக்கத்து வீட்டிலிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தெட்டில், திரிங்காப் ஊருக்குப் போகும் சாலை வளைவில் ஒரு காய்கறி லோரி இவன் லோரியில் மோதியது. வழக்கோ இவன்மேல் விழுந்தது. லைசென்ஸ் போனால் வேலை போகும், எஸ்டேட் தந்த லயத்து வீடும் போகும். மற்றவர்கள் கொழுந்து நிறுக்கப் போயிருந்ததால், நடந்ததை மேலே தேயிலைச் சரிவிலிருந்து பார்த்தவள் மணியம்மா ஒருத்திதான். ஆனால் இந்தப் புத்திசாலி அண்ணன், போலீஸ் விசாரித்தபோதே, "தங்கச்சி ஊமைங்க, அதுக்கு ஒன்னும் தெரியாது" என்று சொல்லி வைத்திருந்தான்.

கோர்ட்டில் போலீஸ் தரப்பில் வழக்கு நடத்தியவர் அதையே பிடித்துக்கொண்டார். ஒன்றும் தெரியாதவள் எப்படிச் சாட்சி சொல்வாள் என்று கேட்டார். பேச முடியாதவர் சாடையில் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தருகிறது, சாடை புரிந்த ஆள் ஒருவர் வந்தால் போதும் என்றார் மாஜிஸ்திரேட். நிரைத் தோழி செல்லம் எழுந்து வந்தாள்.

மணியம்மா ஒரு கையைக் கோடாக நீட்டி, மறு கையால் அதைத் தாண்டிக் காட்டினாள்.

"காய்கறி லோரி நடுக்கோட்டத் தாண்டி வந்துச்சு துவான்," என்று மாஜிஸ்திரேட்டிடம் மரியாதையாக ஆரம்பித்த செல்லம், மாடசாமி எவ்வளவு நல்லவன், பிள்ளைகளை எப்படி வளர்க்கிறான் என்று அளந்துகொண்டே போனாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மணியம்மா, சட்டென்று அவள் கையில் ஓர் அடி போட்டு, ஏதோ சாடை காட்டினாள்.

என்ன சொல்கிறாள் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

செல்லம் அசடு வழிந்தாள். "நான் சொன்னது கொஞ்சந்தானே, நீ என்னா இம்புட்டு நேரம் பேசுறேன்னு கேக்குறா துவான்."

கோர்ட்டே சிரித்தது. தன் சாட்சியில் ஒரு சொல் கூடினாலும் பொறுக்காதவளையா ஒன்றும் தெரியாதவள் என்கிறீர்கள் என்று கேட்டார் மாஜிஸ்திரேட். மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் மணியம்மா நிதானமாகப் பதில் காட்டினாள். அன்றே மாடசாமி விடுதலையானான். எனக்கு அவனைவிட அவளை நினைத்துத்தான் சந்தோஷம்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார், "அண்ணே, தங்கச்சி எங்க எறங்குது?"

மாடசாமி வாயைத் திறந்தான், மூடினான்.

"அவகிட்டயே கேளு லா."

மணியம்மா எங்கள் எஸ்டேட்டையும் தாண்டி அடுத்த ஊர்ப் பக்கம் கையை நீட்டினாள். பிறகு ரொட்டியைப் பிய்த்து வாயில் போடுவதுபோல் காட்டினாள்.

"கம்போங் ராஜா, ஜப்பார் ரொட்டிக் கடை," என்றாள் செல்லம், ஒரு சொல்லும் கூட்டாமல்.