கோணமரத் தோப்புக்காரி

ஆய்க்குடியில் யோகலட்சுமி வாக்கப்பட்டு வந்த வீட்டுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தக் குடும்பத்தில் யார் புதுவீடு கட்டினாலும் தலைவாசல் நிலைக்குக் கடையில் மரம் வாங்க மாட்டார்கள். புளியறைக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் குடும்பத் தேக்கந்தோப்பிலிருந்துதான் வரவேண்டும். அதுவும் இருப்பதிலேயே நேரான மரமாக, ஒட்டுப்போடாத முழுமரமாக வரவேண்டும். மரம் வந்து இறங்கும்போது தெருவே எட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காகவே இவர்கள் வீடு கட்டுகிறார்களோ என்று அவளுக்குத் தோன்றும்.

கல்யாணமான புதிதில் தோப்பைச் சுற்றிக் காட்டினார்கள். குற்றாலத்துக் கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு வந்தவள் அவள். பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வந்தது, மாமியார் பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டாள். நின்ற மரங்களில் பாதி கவட்டை, மீதி முறுக்கியும் பொந்து விழுந்தும் கிடந்தன. மூன்று தலைமுறையாக நல்ல மரமாகப் பார்த்து வெட்டினால் வேறு எது மிஞ்சும்? மிஞ்சிய கோணல் மரங்கள்தான் விதை போட்டன, கன்றுகளும் அந்த லட்சணத்தில்தான் வந்தன. நல்ல பசுவையெல்லாம் விற்றுவிட்டு நொண்டி மாட்டை வைத்துப் பண்ணை நடத்துகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். மரத்தில் அதையே செய்தால் கௌரவம் என்று பெயர்.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பிறகு அவளிடமே வந்தது. அவள் திறமையைக் கண்டுபிடித்து யாரும் கொடுத்துவிடவில்லை. சாரல் காலத்தில் அங்கே அட்டை கடிக்கும், அந்த வீட்டு ஆண்களுக்கு அட்டை என்றால் ஆகாது. அவள் புருஷன் முத்துகுமரன் நல்ல மனிதர், அண்ணன் முன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டார். அண்ணன் இல்லாத இடத்திலும் அவர் அதிகம் திறந்ததில்லை.

அவள் செய்தது ஒன்றும் மந்திர வித்தை அல்ல. கோணல் மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி விறகுக்கு அனுப்பினாள். நேராக வளரக்கூடிய மரத்தை நெருக்குகிற மரங்களை எடுத்து, அதற்கு வெயில் விழ வைத்தாள். நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை வெட்டுகிறாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். கோணமரத் தோப்புக்காரி என்று பெயரும் வைத்தார்கள். இந்த மூளைகளுக்கு விளக்கிச் சொல்வதைவிட மரத்திடமே பேசலாம் என்று அவள் இருந்துவிட்டாள்.

இத்தனை வருஷம் பட்ட பாட்டுக்குப் பலனாக ஓடைக்கரையில் ஒரே ஒரு மரம் தேறியது. கவட்டையில்லாமல், முறுக்கில்லாமல், வானத்தைப் பார்த்து நின்றது. அதைச் சுற்றி இருந்ததையெல்லாம் வெட்டித் தரையைத் துப்புரவாக்கி வைத்திருந்தாள். அதன் விதை அங்கே விழுந்து, கன்றுகள் ஆள் உயரம் வந்துவிட்டால் போதும், அடுத்த தோப்பு அதிலிருந்து வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மரத்தை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும். அதற்குள் போனால் கோணல் விதையைத் தவிர வேறு விதை கிடையாது.

அந்த நேரம் பார்த்து முத்துகுமரனின் அண்ணன் தாணு குத்துக்கல்வலசையில் வீடு கட்ட ஆரம்பித்தார். அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் ஃபைல் பார்க்கிற தோரணையில்தான் பேசுவார்.

"ஓடக்கரை மரத்த நிலைக்கு எடுத்துக்கிடுதேன்" என்றார்.

"அத்தான், அது விதைக்கு நிக்குற மரம். இன்னும் கொஞ்ச வருசம் விட்டுப்பிடுங்க. கன்னு வரட்டும்."

"விதைக்கு வேற மரமா இல்ல? தோப்பு நெறயத்தான நிக்கு."

"அதெல்லாம் கோணல். அது விதை போட்டா கோணலாத்தான் வரும்."

தாணு தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, ஒம் பொண்டாட்டி மரத்துக்கும் சாதகம் பாக்கா."

முத்துகுமரனும் சிரித்தார். வாயில் ஒரு கொழுக்கட்டையை வைத்திருந்தாலாவது அந்தச் சிரிப்பு வந்திருக்காது என்று யோகலட்சுமி நினைத்தாள்.

தோப்பில் அவளோடு வேலை செய்யும் சொக்கம்மாள்தான் வழி சொன்னாள். "யம்மா, மரத்துல ஒரு மஞ்சத் துணியக் கெட்டி, மாடன் சாமி கனவுல வந்தாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பெரியவரு கிட்ட வர மாட்டாரு."

"பொய் சொல்லி மரத்தக் காப்பாத்தச் சொல்லுதியாட்டி? நான் படிச்சவ. அறிவ வச்சுச் சொல்லுதேன், கேக்கட்டும்."

"அறிவா? ஆருக்கிட்ட?" என்றாள் சொக்கம்மாள்.

பங்குனியில் தென்காசிக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு யோகலட்சுமி திரும்பியபோது ஓடைக்கரை வெளிச்சமாக இருந்தது, மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டைதான் மிச்சம். முத்துகுமரனுக்கு முன்பே தெரியும். சொன்னால் அவள் வளைகாப்புக்குப் போகமாட்டாளே என்று சொல்லவில்லையாம்.

வைகாசியில் நிலை வைத்தார்கள். மரம் ஈரம் காயவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று ஆசாரி சொல்லியும் தாணு கேட்கவில்லை, முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. சுமங்கலிகள் நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தபோது யோகலட்சுமியையும் கூப்பிட்டார்கள். நிலைக்காலின் அறுத்த முனை அவள் கண்ணில் பட்டது. உள்ளே வளையங்கள் நெருக்கி நெருக்கி இருந்தன. வெளிப்பக்கம் வரவர விரல் அகலத்துக்கு விரிந்திருந்தன. அவள் பக்கத்து மரங்களை வெட்டி வெயில் விட்ட வருஷங்கள் அவை. "எங்க தாத்தா வச்ச மரம்" என்று தாணு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குங்குமத்தை அப்பிவிட்டு அவள் நகர்ந்துவிட்டாள்.

ஆனியில் சாரல் பிடித்தது. நிலை முறுக்கிக்கொண்டு தாணு வீட்டுத் தலைவாசல் கதவு சாத்த வரவில்லை. அதே சாரலில் ஓடைக்கரை அடிக்கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர் கிளம்பியது. விதை போனாலும் வேர் அந்த மரத்தின் வேர்தான். யோகலட்சுமி நேரான ஒரு துளிரை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அரிவாளால் சீவினாள். பிறகு சொக்கம்மாளிடம் மஞ்சள் துணி கேட்டாள். சொக்கம்மாள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முன்பே கொண்டுவந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் தாணு தோப்புக்கு வந்தார், கதவு சாத்தாத கவலையோடு.

"என்னம்மா இது, துணி கெட்டியிருக்கு?"

"மாடன் கனவுல வந்தாரு, அத்தான். எம் மரத்த வெட்டிட்டானுவ, கதவு சாத்துதா பாக்கேன்னாரு. இந்தத் துளிரத் தொட்டா வீட்டுல ஆரும் தங்க மாட்டாவளாம்."

தாணுவின் முகம் வெளிறியது. செருப்பைக் கழற்றிவிட்டு, அட்டை ஊர்கிற ஈரத்தில் வெறுங்காலோடு நின்று துளிரைக் கும்பிட்டார். அவளுக்கு அவரைப் பார்க்கவே கேவலமாக இருந்தது. இத்தனை வருஷம் வாய் வலிக்கச் சொல்லியும் ஏறாதது ஒரு முழத் துணியில் ஏறிவிட்டது. பங்குனிக்கு முன்னால் இதைக் கட்டியிருந்தால் மரம் நின்றிருக்கும் என்று நினைத்தபோது, தன் படிப்பும் தன் வீம்பும்கூடக் கேவலமாகத்தான் பட்டன.

தாணு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவளும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.